மூக்குக் கமிட்டி

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவர், தன் மூக்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்தார். மூக்கு அடைக்கிறதா என்று சின்ன டாக்டர் கேட்டாள். இல்லை. சளி, தும்மல், ரத்தம்? ஒன்றும் இல்லை. அப்படியானால் வாசனை தெரியவில்லையா என்றதும், அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை மேசைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"நல்லாத் தெரியுது டாக்டர். அதான் பிரச்சினை. இல்லாத நாத்தமெல்லாம் தெரியுது."

வேலை செய்கிற இடத்தில் அப்படி இல்லையாம். லிஃப்ட் குழிக்குள் எலி செத்துக் கிடந்தால் நாறும். ஆனால் அங்கே நிஜமாகவே எலி இருக்கும். வீட்டில் எலி கிடையாது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நாறுகிறது. தூக்கத்தில் அவள் இந்தப் பக்கம் புரண்டால் விழிப்பே வந்துவிடுகிறது. ஆனால் அவளிடம் நாற்றமே இல்லை என்று இதே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று பேர் மோந்து பார்த்துப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பேரும் படித்தவர்கள். ஆகவே கோளாறு தன் மூக்கில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

"அவகிட்ட மட்டும் நான் வந்தேன்னு சொல்லிடாதீங்க," என்றார். "இப்பத்தான் மறுபடி வேலைக்குப் போறா. கண்ணாடி முன்னாடி நின்னு சிரிக்கிறா. நான் போய் எதையாவது சொல்லிக் கெடுத்துடக் கூடாது."

சின்ன டாக்டர் அலமாரியிலிருந்து வாசனைப் பாட்டில்களை எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்: சோப்பு, எலுமிச்சை, காப்பித்தூள், கிராம்பு. கிராம்பு பாட்டிலை மட்டும் இன்னொரு தரம் வாங்கி முகர்ந்துவிட்டு, இது ரொம்பப் பழசு, மாற்றிவிடுங்கள் என்றார். அது அவள் இந்தப் பிரிவில் சேர்வதற்கு முன்பே வாங்கிய கிராம்பு. நாய்க்குக்கூட அவ்வளவு நல்ல மூக்கு வாய்க்காது. பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

அவருடைய மனைவியை அவளுக்கு நன்றாகத் தெரியும். பியூட்டி பார்லரில் புருவம் திருத்துகிறவள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கைகளிலும் முறுக்கி, வந்தவர் முகத்துக்கு மேல் கவிழ்ந்துகொண்டு செய்யும் வேலை அது. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூச்சை எவ்வளவு நேரம் மூடிவைக்க முடியும்?

அவளுக்கு வந்திருந்த வியாதியில் மூக்கின் உட்சவ்வு வற்றிச் சுருங்கி, உள்ளே பொந்து போல அகன்றுவிடும். ஈரம் இல்லாத பொந்தில் சளி காய்ந்து பொருக்குத் தட்டும். பச்சையும் கறுப்புமாக, அடுக்கு மேல் அடுக்காக ஒட்டிக்கொண்டு வளரும். அடியில் கிருமிகள் குடியிருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால், செருப்பில் ஒட்டிய தார் போலப் பிய்ந்து வரும். சில நேரம் மூக்கின் முழு அச்சாகவே வெளியே வந்து விழும். அந்த நாற்றம் மனிதரிடமிருந்து வருகிறது என்று நம்புவது கடினம். இந்தப் பிரிவில் சேர்ந்த புதிதில் சின்ன டாக்டர் நோயாளியை உட்காரவைத்துவிட்டு, கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்திருக்கிறாள். நோயாளிக்கு மட்டும் அது தெரியாது. வாசனை நரம்பும் அந்தச் சவ்வோடு சேர்ந்து செத்துப்போயிருக்கும். இதை ஒரு கருணை என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஏன் காலியாகிறது, சொந்தத் தங்கை ஏன் குழந்தையைக் கையில் தர மறுக்கிறாள் என்று புரியாமலே ஒருத்தி வாழ்வதில் கருணை எங்கே இருக்கிறது என்று சின்ன டாக்டருக்கு விளங்கியதில்லை.

புருவக்காரி முதலில் வந்தபோது, தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார்கள். அவள் சொன்னபடி செய்தாள். ஓரளவு குறைந்தது. அப்போதுதான் பெரிய டாக்டரின் களிம்பு ஆராய்ச்சி ஆரம்பித்தது. பாதிப் பேருக்குப் பழையபடி உப்புத் தண்ணீர், பாதிப் பேருக்குப் புதுக் களிம்பு. புருவக்காரிக்குக் களிம்பு விழுந்தது. களிம்புக்காரர்கள் கழுவக் கூடாது; கழுவினால் மருந்து போய்விடும்.

எது மேல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்றம் எக்ஸ்ரேயில் விழாது. அதற்குப் பெரிய டாக்டர் கண்டுபிடித்த வழிதான் மூக்குக் கமிட்டி. உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, நடுவில் பலகைத் தடுப்பு அடித்தார். ஒரு பக்கம் நோயாளி புனலுக்குள் மூக்கை வைத்து மூச்சு விடுவார். தடுப்பில் துளைபோட்டுச் செருகிய குழாயின் மறுமுனையில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக முகர்ந்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போடுவார்கள். எதிரே இருப்பவர் யார், என்ன மருந்து என்று அவர்களுக்குத் தெரியாது. முகம் பார்த்து மார்க் போட வழியே இல்லை. வெளி நாற்றம் கலந்துவிடாமலிருக்க ஜன்னலையும் அடைத்து ஒட்டியாயிற்று. பார்க்க வந்த வெளியூர் நிபுணர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

கமிட்டிக்குத் தலைவர் மருந்தாளுநர். மற்ற இருவரும் ரெக்கார்டு செக்ஷன் பெண்கள். ஒருத்தி அக்கா, ஒருத்தி தங்கை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், ஆனால் சொந்தம் கிடையாது. அடுத்த வீட்டில் பால் பொங்கினாலே தனக்குத் தெரிந்துவிடும் என்று மருந்தாளுநர் பெருமை பேசுவார். ஆஸ்பத்திரிக்குள் அவர்களைக் கேலி செய்யாத ஆளில்லை. கான்டீனில் அவர்கள் வந்தால், கமிட்டி வருது, குழம்பை மூடு என்பார்கள்.

லிஃப்ட்காரர் போன பிறகு சின்ன டாக்டர் மருந்தாளுநரிடம் போய், கமிட்டி நாளில் எப்படி இருக்கும் என்று கேட்டாள். காலையில் முதல் ஆள் வரும்போது குடல் வாய்க்கு வந்துவிடும் என்றார் அவர். இரண்டாவது ஆளும் அப்படித்தான். பிறகு போகப் போக அவ்வளவாகத் தெரியாது. மதியம் நெருங்கினால் ஒன்றுமே தெரியாது. கசாப்புக் கடைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டா வெட்டுகிறான் என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புத் தண்ணீர்க்காரர்கள் வீட்டிலிருந்து நேராக வந்து உட்காருகிறவர்கள். களிம்புக்காரர்களின் மூக்கைப் பெரிய டாக்டர் தாமே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். ஆபரேஷன்களை முடித்துக்கொண்டு அவர் வரும்போது மதியமாகிவிடும். அதற்குப் பிறகுதான் அவர்கள் கமிட்டிக்கு வருவார்கள். இப்படி வைக்கலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஆஸ்பத்திரியின் பொழுது போகிற வாக்கில் அப்படி அமைந்துவிட்டது. ஒவ்வொரு கமிட்டி நாளிலும் உப்புத் தண்ணீர் உயிருள்ள மூக்குகளைச் சந்தித்தது, களிம்பு செத்த மூக்குகளைச் சந்தித்தது.

"மதியத்துக்கு மேல ஒண்ணும் தெரியலன்னு சார்கிட்ட சொல்லலியா?" என்று கேட்டாள்.

"சொன்னோமே மேடம். நாங்க மூணு பேரும் சேர்ந்துதான் போய்ச் சொன்னோம்." மாத்திரை எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை. "அதுதான்யா மருந்தோட வேலைன்னார்."

அடுத்த கமிட்டி நாளன்று காலையில், நோயாளிகளின் மூக்கிலிருந்து எடுத்த பொருக்குகளை அவள் குப்பையில் போடவில்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்த்து, கொஞ்சம் வெந்நீர் தெளித்து, இறுக மூடி, வெயில் விழும் ஜன்னலில் வைத்தாள். கடைசி நோயாளி போனதும் ஜாடியை எடுத்துக்கொண்டு தடுப்பில் நோயாளியின் பக்கம் உட்கார்ந்தாள்.

மூடியைத் திறந்ததும் அறை மாறிவிட்டது. அவள் வாயால் மூச்சு விட்டாள். அப்போது நாக்கில் ருசித்தது. அது இன்னும் மோசம். ஊறிய பொருக்குகள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே எண்ணெய் போல ஒரு படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வழிய, ஜாடியைப் புனலுக்கு அடியில் பிடித்து, காது கழுவும் ரப்பர் பந்தை அழுத்தி அந்தக் காற்றைக் குழாய்க்குள் அனுப்பினாள். தடுப்புக்கு அப்பால் மருந்தாளுநர் நீளமாக இழுத்து முகர்வது கேட்டது.

"சைபர்," என்றார்.

அக்காவும் சைபர் என்றாள். தங்கை மட்டும் இரண்டு தரம் முகர்ந்தாள். லேசாக ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது, ஒன்று போடலாமா என்று கேட்டாள். மற்ற இருவரும் ஒன்றும் இல்லை என்றதும், அவளும் சைபருக்கு இறங்கி வந்தாள். இன்றைக்குக் களிம்பு பிரமாதமாக வேலை செய்கிறது, சாப்பிடப் போகலாமா என்று மருந்தாளுநர் கேட்டார்.

சின்ன டாக்டர் ஜாடியோடு அந்தப் பக்கம் போய் அவர்கள் முன்னால் வைத்தாள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்போதும் நாற்றம் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் குமட்டியது. ஆனால் சாப்பிட்டுவிட்டு, வெளிக்காற்றில் கொஞ்சம் நடந்துவிட்டு, விட்டுப்போன பேனாவை எடுக்கத் தங்கை திரும்பி வந்தபோது, அவளால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

பெரிய டாக்டரின் அறையில் எப்போதும் நல்ல சோப்பு வாசனை இருக்கும். அவர் கைகள் அழகானவை. காதுக்குள் அரிசி அளவு எலும்பைப் பொருத்துகிற கைகள். அந்தத் திறமையில் சின்ன டாக்டருக்கு இன்றும் மரியாதை உண்டு. அவள் சொன்னதையெல்லாம் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து மூக்கை ஒற்றிக்கொண்டார். அவள் மேல் ஜாடி நாற்றம் இன்னும் ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. நல்ல கவனிப்பு என்றுகூடச் சொன்னார். அடுத்த கட்டத்தில் வரிசையைக் கலைத்துப் போட்டுவிடலாம். இந்தக் கட்டத்தின் கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது. அதை இனி தொட வேண்டாம். ஆராய்ச்சி என்றால் கொஞ்சம் தூசி படியத்தான் செய்யும். அவள் களிம்புக்காரர்களைப் பற்றிக் கேட்டாள். அவர்கள் மூக்குக் கழுவுவதையே நிறுத்திவிட்டார்கள், நமக்கு நாற்றம் போய்விட்டது என்று நம்பி வெளியே நடமாடுகிறார்கள், அவர்களிடமாவது சொல்லிவிடலாமே என்றாள். புருவக்காரி மறுபடி வேலைக்குப் போகிற விஷயத்தையும் சொன்னாள்.

"சந்தோஷமா இருக்கால்ல?"

"இருக்காங்க சார். ஆனா நாத்தம்..."

"அது அவளுக்குத் தெரியாதேம்மா. தெரியாதவளுக்கு அதுல என்ன நஷ்டம்?"

அவர் அதை ஆறுதல் சொல்கிற தொனியில் சொன்னார். அறை முழுதும் சோப்பு மணத்தது. ஜாடிக்கு முன்னால் வராத குமட்டல் அவளுக்கு அப்போது வந்தது. எழுந்து நின்றாள். இந்த மனிதர் குழாய் விட்டுப் பார்க்கும்போது களிம்பு நோயாளி ஒருவருக்காவது அருகில் குனிந்து, மூக்கில் கட்டிய கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஒரே ஒரு மூச்சு இழுத்துப் பார்த்திருந்தால் போதும். கமிட்டியே வேண்டியிருந்திருக்காது. தன் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். அவர் தலையசைத்து, எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டு, அடுத்த கோப்பை எடுத்தார்.

பார்லர் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. முதலாளியம்மா வாசல் மேசையில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் மூன்று நாற்காலிகளிலும் ஆட்கள். புருவக்காரியின் நாற்காலி கடைசியில், பின்சுவரை ஒட்டி, மின்விசிறிக்கு அடியில் போடப்பட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. அவள் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள். பேச வந்தேன் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தலையைச் சாய்த்து, புருவத்தில் பவுடர் தடவியாயிற்று.

"பேசலாம் பேசலாம். இது என்ன டாக்டர், புருவமா புதரா? ஊருக்கெல்லாம் மூக்கைப் பார்க்கறீங்க, அதுக்கு மேல ரெண்டு விரல் தள்ளிப் பார்க்க நேரமில்ல."

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் குனிந்தாள்.

சின்ன டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்றம் முதலில் நெற்றியில் விழுந்தது. பிறகு கன்னம் வழியாக இறங்கியது. வெதுவெதுப்பாக, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு அலையாக. ஜாடியில் இருந்தது வெறும் கழிவு. இது பவுடர் வாசனையும் தலைக்குத் தேய்த்த எண்ணெயின் வாசனையும் கலந்த, பிரியமாகப் பேசுகிற ஒருத்தியின் மூச்சு. நூல் சரசரவென்று ஓடியது. நாற்காலியின் கைப்பிடியை அவள் இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்து, வலிக்கிறதென்று நினைத்துப் புருவக்காரி வேகத்தைக் குறைத்தாள். குறைத்ததால் இன்னும் நேரமாயிற்று.

ஒரு புருவம் முடிந்ததும் அவள் நூலை வாயிலிருந்து எடுத்தாள். எடுத்தால்தானே பேச முடியும்.

"ஒரு உதவி பண்ணணும் டாக்டர்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முதலாளியம்மா எனக்கு ஆளே அனுப்ப மாட்டேங்கறாங்க. ஒருத்தி வந்தா மறுபடி வர்றதில்ல. பழைய ஞாபகத்துல பயப்படறாங்க போல. போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன், எனக்குப் பூஜ்யம்னு. டாக்டர் வாயால வந்தா நம்புவாங்க."

கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தது. சின்ன டாக்டருடைய முகத்தில் ஒரு புருவம் கோடு போட்டது போலவும், மற்றது கலைந்தும் இருந்தது.

"வருது அக்கா," என்றாள்.

புருவக்காரிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஓர் எட்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பவா?"

"இப்பவும்."

"எத்தனை?"

"நாலு."

அவள் வாயைக் கையால் பொத்தினாள். பிறகு நாற்றம் வாயிலிருந்து வருவதில்லை என்பது ஞாபகம் வந்தது போலக் கையை மூக்குக்கு மாற்றினாள். சின்ன டாக்டர் கமிட்டி அறையைப் பற்றியும், வரிசையைப் பற்றியும், மூக்கு மரத்துப்போவதைப் பற்றியும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். உப்புத் தண்ணீரை நிறுத்தச் சொன்னதுதான் பெரிய தப்பு, முன்பு குறைந்திருந்தது அதனால்தான் என்றும் சொன்னாள். புருவக்காரி எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மூணு பேருக்கு அரை நாள்ல பழகிடுச்சு," என்றாள் பிறகு. "எங்க வீட்டுக்காரருக்கு இத்தனை வருஷத்துல பழகல. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்கறார். ஏன்னு கேட்டா காத்து வருதுங்கறார். அந்தப் பக்கம் ஜன்னலே திறக்காது டாக்டர்."

அவர் வந்துபோனதைச் சின்ன டாக்டர் சொல்லவில்லை.

"பெரிய டாக்டருக்கு இது தெரியுமா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் இவளைச் சுற்றியிருந்த எல்லோரும் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டவர்கள்தான். பெரிய டாக்டர் சொன்ன வார்த்தைகளை, அதே தொனி இல்லாமல், அப்படியே சொன்னாள்.

புருவக்காரியின் முகத்தில் அப்போது வந்தது அழுகை அல்ல. சோற்றில் புழுவைப் பார்த்தவள் முகம் அப்படித்தான் இருக்கும். அலமாரியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து, மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்னந்தலையில் இறுக்கி முடிந்தாள். நாற்காலியிலிருந்து எழப்போன சின்ன டாக்டரின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். ஒற்றைப் புருவத்தோடு இந்தக் கடையிலிருந்து யாரையும் அனுப்பியதில்லை என்றாள். துண்டுக்குள்ளிருந்து குரல் கனமாக வந்தது.

இப்போது பல்லில் கடிக்க முடியாது. நூலை நீளமாக வெட்டி, வளையமாக முடிந்து, கழுத்தில் போட்டுக்கொண்டாள். கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கைகளை மட்டும் நீட்டி வேலை செய்தாள். பழகாத முறை, நூல் இரண்டு தடவை அறுந்தது. தோலில் சுருக் சுருக்கென்று இழுத்தது. நாளையிலிருந்து உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். இன்றைக்கே, காலையும் மாலையும் என்றாள் சின்ன டாக்டர். பெரிய டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். மூக்கைப் பொறுத்தவரை இனிமேல் தன்னிடம் வந்தால் போதும் என்றாள்.

முடிந்ததும் புருவக்காரி கைக்கண்ணாடியைத் தூரத்திலிருந்து நீட்டிக் காட்டினாள். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. வாசலில் முதலாளியம்மா போனை வைத்துவிட்டு, டாக்டர் என்ன சொல்லப்போகிறாள் என்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட நானே பேசிக்கறேன்," என்றாள் புருவக்காரி. "துண்டு கட்டிக்கிட்டு, நூலைக் கழுத்துல போட்டு வேலை பாக்கறேன்னு சொல்றேன். வெச்சா வெச்சுக்கட்டும்." கழுத்து நூலைக் கழற்றி விரலில் சுற்றினாள். நூல் பதிந்த இடம் சிவந்திருந்தது. "உங்க பெரிய டாக்டரை மட்டும் ஒருநாள் இங்க வரச் சொல்லுங்க. புருவம் திருத்திவிடறேன். அவருக்குப் பல்லுல கடிச்சே பண்றேன்."